மூட்டுத் தேய்மானம் இருக்கிறது, நடக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இனி அதிகம் நடக்காதீர்கள், மாடி ஏறாதீர்கள், காலுக்கு ஓய்வு கொடுங்கள்." என் அம்மாவுக்கு 61 வயதில் ஒரு மருத்துவர் சொன்ன அறிவுரை இது. அம்மா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஒன்றரை ஆண்டில் தொடைகள் இளைத்துவிட்டன. எடை கூடியது. நாற்காலியிலிருந்து எழ இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வலி மட்டும் குறையவே இல்லை. அப்போது நான் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். இன்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேராவது அதே அறிவுரையைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பாதிக்கப்படுவதில் முழங்கால்தான் முதலிடம் என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்.

ஜவ்வு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடாதா?

இந்தப் பயம்தான் நோயைவிட அதிகமாக ஆட்களை முடக்கிப்போடுகிறது. 'தேய்மானம்' என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. செருப்பின் அடிப்பாகம் தேய்வதைப் போல, ஓட ஓட டயர் தேய்வதைப் போல நம் மூட்டையும் கற்பனை செய்துகொள்கிறோம். டயருக்கு உயிர் இல்லை, மூட்டுக்கு இருக்கிறது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான் பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோம். அதற்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. அப்படியென்றால் அதற்கு உணவு எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்து. நீங்கள் கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி, ஈரப் பஞ்சைப் பிழிந்தால் போலத் திரவத்தை வெளியே விடுகிறது. காலை எடுக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஊட்டம் போவதும் கழிவு வருவதும் இந்த அழுந்தல், தளர்தல் வழியாகத்தான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவத்தில் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் என்று பெயர். அது குருத்தெலும்பு மட்டும் சம்பந்தப்பட்ட நோயல்ல. அடியில் இருக்கும் எலும்பு, மூட்டின் உள்ளுறை, தசைநார்கள், சுற்றியுள்ள தசைகள் எல்லாமே அதில் பங்கெடுக்கின்றன. தசை பலமாக இருந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியிலும் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். தசை இளைத்தால் முழுப் பாரமும் மூட்டின் தலையில் விழும். ஓய்வு என்ற பெயரில் என் அம்மாவின் காலிலிருந்து பறிபோனது அந்தத் தசைதான்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "மிகவும் மோசம்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் பயிற்சி பலன் தருமா?

தரும். எக்ஸ்ரேயும் வலியும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். படத்தில் மூட்டு இடைவெளியே காணாமல் போயிருக்கும், ஆள் சாதாரணமாக நடந்து வருவார். படம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும், ஆள் வலியால் துடிப்பார். தூக்கம், மனக்கவலை, தசை பலம், உடல் எடை, மூட்டுக்குள் இருக்கும் அழற்சி எல்லாம் சேர்ந்துதான் வலியைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதுவும் அந்தப் படத்தில் முழுதாகத் தெரியாது.

அதேசமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி செய்தால் போன குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலி ஓரளவு குறையும், எழுந்து நடமாடும் திறன் கூடும், அன்றாட வேலைகள் உங்கள் கைக்குத் திரும்பும்.

வலிக்கும்போதே பயிற்சி செய்யலாமா? எவ்வளவு வலித்தால் நிறுத்த வேண்டும்?

மற்ற எல்லாப் பதில்களையும் மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் கற்பனை செய்ய முடிந்த மிக மோசமான வலி. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் கவலையே வேண்டாம். 5 வரை போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்த அசைவைச் சிறிதாக்குங்கள் அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஆனால் உண்மையான தீர்ப்பை எழுதுவது மறுநாள் காலைதான். எழுந்ததும் மூட்டு வழக்கம்போல இருக்கிறதா? அப்படியானால் நேற்றுச் செய்த அளவு சரி, அதையே தொடரலாம். வழக்கத்தைவிட வலி அதிகமா, புதிதாக வீக்கம் வந்திருக்கிறதா? அப்படியானால் அளவு கூடிவிட்டது. பயிற்சியே தவறு என்ற முடிவுக்குத் தாவிவிடாதீர்கள். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் செய்து பாருங்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வலி என்றாலே மூட்டு பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருளல்ல. வெகுநாள் அசையாதிருந்த மூட்டு கொஞ்சம் வேலை செய்தாலே கூச்சல் போடும். அந்தக் கூச்சலுக்கு ஒவ்வொரு முறையும் பணிந்து போனால், நாளடைவில் இன்னும் சின்ன அசைவுக்கும் அது கூச்சல் போடத் தொடங்கும்.

எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில். தனிக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் வாழ்க்கைக்கு இதைவிட அவசியமான அசைவு இல்லை.

என்னிடம் வரும் பெரும்பாலானவர்கள் எழுவதைக் கூர்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டு கைகளையும் முழங்கால் மேல் ஊன்றுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வலிக்கும் காலை முன்னே நீட்டிவிட்டு, நல்ல காலிலேயே முழு எடையையும் போட்டு எம்பி எழுவார்கள். உட்காரும்போது பாதி தூரத்தில் 'தொப்'பென்று விழுந்துவிடுவார்கள். அந்த 'தொப்' சத்தம் கேட்டாலே தொடைத் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். கைப்பிடி உள்ள, அசையாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். உயரம் குறைவாக இருந்தால் மேலே ஒரு கெட்டியான தலையணையை வையுங்கள். இருக்கை உயர உயர முழங்காலுக்கு வேலை குறையும். இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்காருங்கள். இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பகலத்துக்கு வையுங்கள். உங்கள் மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும் வரை முன்னே சாயுங்கள். அப்போது பின்புறம் தானாகவே லேசாகும். அந்த நொடியில் மூச்சை விட்டபடி எழுங்கள். முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்துச் சாயக் கூடாது, கால்விரல்களின் நேரே போக வேண்டும். உட்காரும்போது மனதுக்குள் நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். இந்த இறக்கமும் பலத்தைப் பெருக்கும். தேவைப்பட்டால் கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை.

முதல் வாரம் 5 முறை போதும். மறுநாள் காலை அனுமதித்தால் 8, பிறகு 10. பத்து முறை சுலபமாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள்.

இதற்குத் துணையாக மூன்று பயிற்சிகள் சொல்வேன். முதலாவது, காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் வைத்த துண்டுச் சுருளை 5 விநாடி கீழே அழுத்திப் பிடிப்பது. அடுத்தது, கெட்டியான மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இது இடுப்புப் பக்கத் தசைக்கானது. முழங்கால் வலிக்காரர்கள் மறந்தேபோகும் தசை அது. மூன்றாவது, அதே இடத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையே ஒருநாள் விட்டுச் செய்யுங்கள்.

பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் 'கிளாட்' என்ற மூட்டுப் பயிற்சித் திட்டமும் ஆறு வாரம், வாரம் இரண்டு வகுப்பு என்ற கணக்கில்தான் நடக்கிறது. பத்தாம் நாளே "பலனில்லை" என்று விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படும்.

நடைப்பயிற்சி மட்டும் போதாதா?

நடை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. நடப்பதால் தொடைத் தசைக்குக் கிடைக்கும் வேலை குறைவு. பலம் கூட வேண்டுமானால் மேலே சொன்ன பயிற்சிகளும் வேண்டும்.

எவ்வளவு நடப்பது?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் உடல் சமநிலைக்கான பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதமான உழைப்பு என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது என்ற அளவு.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களையும் அது வரக்கூடியவர்களையும் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 6,000 காலடி எடுத்து நடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் நடமாட்டச் சிரமம் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பலரும் பேசும் 10,000 அடி அவசியமில்லை. 6,000 அடியையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் நடந்தால் வலிக்கிறதா, பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடங்கள். இப்போது 1,500 அடிதான் முடிகிறது என்றால் உங்கள் அடுத்த இலக்கு 1,800.

மாடிப்படி ஏறலாமா?

ஏறலாம். சமதரையைவிடப் படியில் முழங்கால் தாங்கும் பாரம் கூடுதல் என்பது உண்மைதான். இறங்கும்போது அது இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலி கடுமையாக உள்ள நாட்களில் ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தொடை பலம் கூடக் கூடப் படியும் பழகிவிடும்.

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக்கிடக்கிறது. அப்போதே பயிற்சி செய்யலாமா?

வேண்டாம், முதலில் அதைத் தளர்த்துங்கள். படுக்கையிலேயே முழங்காலை மெதுவாக இருபது முறை மடக்கி நீட்டுங்கள், பிறகு காலை ஊன்றுங்கள். தேய்மானத்தில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பல மூட்டுகள் சேர்ந்து வீங்கினாலோ அது வேறு வகை மூட்டுவாதமாக இருக்கக்கூடும். மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மடக்கினால் கடகடவென்று சத்தம் வருகிறதே?

வலியோ வீக்கமோ இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை.

நீச்சல், சைக்கிள், யோகா, ஓட்டம் - எது நல்லது?

உங்களால் ஆறு மாதம் விடாமல் செய்ய முடிகிற எதுவோ அது. இவற்றுக்குள் பெரிய உயர்வு தாழ்வு இல்லை.

வலி அதிகம் உள்ளவர்களுக்கும் உடல் கனத்தவர்களுக்கும் தண்ணீர் ஒரு வரம். இடுப்பளவு நீரில் நின்றால் மூட்டு தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், மார்பளவு நீரில் இன்னும் குறையும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, நீருக்குள் நடந்தாலே போதும். சைக்கிளில் இருக்கையை உயர்த்தி வையுங்கள். மிதி கீழே போகும்போது முழங்கால் கிட்டத்தட்ட நீண்டு, லேசான மடக்கோடு இருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கையில் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், "சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்பவர்கள் பலருக்கு இதுதான் காரணம். யோகாவில் முழங்காலை முழுதாக மடக்கும் ஆசனங்களையும், ஊன்றிய காலைத் திருகும் ஆசனங்களையும் ஆசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். சீனாவின் தாய்ச்சி மெதுவான அசைவுகளால் ஆனது, சமநிலைக்கு நல்லது. முழங்கால் தேய்மானத்தில் அது வழக்கமான பிசியோதெரபிக்கு இணையான பலன் தந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது.

ஓட்டம் மூட்டைக் கெடுக்கும் என்பது பரவலான எண்ணம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான அலசலில், இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதம்தான் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 சதவீதம். இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே வலிப்பவர்கள் நாளையே ஓடத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் மறுநாள் காலை சிரமமில்லை என்றால் நிறுத்தவும் வேண்டாம்.

எடை குறைந்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. 5 கிலோ குறைந்தால் அடிக்கு 20 கிலோ. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடிகள் என்று பெருக்கிப் பாருங்கள். உடல் கனத்த 454 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்து 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. எடை குறையும் வரை காத்திருந்து பிறகு பயிற்சியைத் தொடங்கலாம் என்று எண்ண வேண்டாம், இரண்டும் கூடவே நடக்கட்டும்.

கைத்தடி பிடிக்கக் கூச்சமாக இருக்கிறது.

புரிகிறது. ஆனால் தடியோடு இரண்டாயிரம் அடி நடப்பது, தடியில்லாமல் வீட்டுக்குள் முடங்குவதைவிட எவ்வளவோ மேல். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பத்தில் எட்டுப் பேர் தவறான கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் எடுத்துக்கொண்டு நடமாடுவது தவறல்ல. முழங்காலுக்கு மேலே தடவும் வலி நிவாரணி ஜெல்லை முதலில் முயன்று பார்க்கலாம். வாய்வழி மாத்திரைகளைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம், இதயச் சிக்கல் என்று ஆபத்துகள் உண்டு. மாத்திரையால் வலி அடங்கிவிட்டது என்று அன்றைக்கு இரட்டிப்பாக நடந்துவிடாதீர்கள். மறுநாள் காலை கணக்குத் தீர்த்துவிடும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று வலி ஏறிவிட்டது. எல்லாம் வீணா?

இல்லை. இந்த நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. இரண்டு மூன்று நாள் அளவைப் பாதியாகக் குறையுங்கள், ஒத்தடம் கொடுங்கள். சுடு ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா என்பது உங்களுக்கு எது இதமோ அது. வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸ் பொருத்தம். படுக்கையில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். வலி அடங்கியதும் விட்ட இடத்தின் பாதியிலிருந்து தொடங்கினால் இரண்டு வாரத்தில் பழைய அளவை எட்டிவிடலாம்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே. விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால் அன்றைக்கே. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் தாமதிக்க வேண்டாம். முழங்கால் பூட்டிக்கொண்டது போல நீட்ட முடியாமல் நின்றுவிட்டாலோ, காரணமின்றி எடை குறைந்துகொண்டே வந்து இரவில் தூங்க முடியாதபடி வலித்தாலோ காட்டிவிடுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்தி அவசர உதவியை நாடுங்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டார்கள். இனிப் பயிற்சி எதற்கு?

அறுவை சிகிச்சை எலும்பு முனைகளை மாற்றும், தசையை மாற்றாது. புது மூட்டை இயக்கப்போவதும் அதே தொடைதான். பலமான தொடையோடு போகிறவர் எழுந்து நடப்பது சுலபம்.

அம்மா எழுந்து நடக்கவே மறுக்கிறார். என்ன சொல்லியும் கேட்பதில்லை.

என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நானும் முதலில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெகுநாள் கழித்துத்தான், "உனக்கு எதைச் செய்ய ஆசையம்மா?" என்று கேட்கத் தோன்றியது. மாடியில் தான் வளர்த்த செடிகளைப் பார்த்து ஓர் ஆண்டாகிறது என்றார்.

மாடிக்கு 11 படிகள். நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கினோம். மூன்றாம் வாரம் முதல் படியில் ஒரு காலை வைத்து எடுக்கப் பழகினார். பிறகு மூன்று படி ஏறி இறங்கினார். ஒருநாள் ஐந்து ஏறிவிட்டு, மறுநாள் வீக்கம் கண்டு மூன்றுக்குத் திரும்பினோம். நான் பின்னால் நிற்பேன், கையைப் பிடிக்க மாட்டேன். பிடித்தால் எடை முழுவதையும் என்மேல் சாய்த்துவிடுவார். பத்தாவது வாரத்தில் ஒரு மாலை, கைப்பிடியைப் பற்றியபடி, வலிக்காத காலை முதலில் வைத்து அம்மா மாடிக்கு ஏறினார். ஏறியவுடன் என்னிடம் கேட்டது தண்ணீர்க் குவளையைத்தான். பாதிச் செடிகள் காய்ந்திருந்தன.